சும்மா இருக்கும் சாமான்கள்

கொள்முதல் பிரிவில் வேலை என்று சொன்னால், இலக்கியக் கூட்டங்களில் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சின்ன அனுதாபம் வந்துவிட்டுப் போகும். ஆசிரியர், பத்திரிகையாளர், வானொலி அறிவிப்பாளர் என்றால் அடுத்து கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. ‘சாமான் வாங்குறேன்’ என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பிறையில் எஃகுக் கம்பி செய்யும் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடங்களாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். கழிப்பறைத் தாளிலிருந்து கிரேனின் கம்பிவடம் வரை எதுவாக இருந்தாலும் என் மேசைக்கு ஒரு கோரிக்கைத் தாளாக வந்து, மூன்று கொட்டேஷன்களாக மாறி, ஒரு கையெழுத்தோடு வெளியே போகும்.

இந்த எட்டு வருடங்களில் சாமான்களை நானாகவே இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். தேய்கிறவை, சும்மா இருப்பவை. பேரிங், பெல்ட், கையுறை, கிரீஸ் எல்லாம் தேயும், தீரும், மறுபடி வாங்குவோம். இவற்றுக்குப் பணம் கேட்பது சுலபம். தேய்ந்து போனதைக் கையில் எடுத்துக் காட்டினால் போதும். தீயணைப்பான், பாதுகாப்பு வால்வு, மின்மாற்றியின் மேலே உட்கார்ந்திருக்கும் ரிலே இவையெல்லாம் இரண்டாம் வகை. பத்து இருபது வருடங்கள் ஒரே இடத்தில் இருக்கும். ஒன்றும் செய்யாது. என்றைக்கோ ஒரு நாள், சில நொடிகளுக்கு மட்டும் அவை வேலை செய்ய வேண்டும். அந்த நாள் வராமலே போனால் நல்லது. இப்படிப்பட்ட ஒன்றுக்குப் பணம் கேட்பது எவ்வளவு சிரமம் என்பது 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

எங்கள் தொழிற்சாலையின் பின்புறம், கம்பி வேலிக்குள், ஜல்லிக்கல் பரப்பின் மேல் இரண்டு மின்மாற்றிகள் நிற்கின்றன. 33 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரத்தை 11 கிலோவோல்ட்டாக இறக்கித் தருபவை. ஒவ்வொன்றும் 15 எம்.வி.ஏ. வெளியிலிருந்து பார்த்தால் லாரி அளவுக்கு ஒரு சாம்பல் நிற இரும்புத் தொட்டி. உள்ளே இரும்புத் தகடுகளால் ஆன உள்ளகம், அதைச் சுற்றிச் செம்புச் சுருள்கள், செம்பைச் சுற்றிக் காகிதம். எல்லாவற்றையும் மூழ்கடித்தபடி ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய். மின்சாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவாமல் தடுப்பதும், சூட்டை வெளியே எடுத்துப் போவதும் அந்த எண்ணெயின் வேலை.

காகிதம் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மைதான். எண்ணெயை வடிகட்டலாம், புதிதாக மாற்றலாம். காகிதத்தை மாற்ற வேண்டுமென்றால் மொத்த மின்மாற்றியையும் பிரித்துச் சுருள்களைப் புதிதாகச் சுற்ற வேண்டும். மின்மாற்றியின் ஆயுள் கடைசியில் அந்தக் காகிதத்தின் ஆயுள்தான். சாதாரணக் காகிதத்தில், சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸில் இருப்பதை அளவாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் காகிதம் மூப்படையும் வேகம் இரட்டிப்பாகும் என்பது ஐ.இ.சி. தரநிலையின் கணக்கு.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் சார்ஜ்மேன் அண்ணன். மலேசியாவில் இந்த மாதிரி உயர் அழுத்த மின்சார ஏற்பாட்டை இயக்க சுருஹான்ஜாயா தெனாகா வழங்கும் தகுதிச் சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும். அவர்தான் சார்ஜ்மேன். எங்கள் அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. தெனாகா நேஷனல் 1990லேயே வந்துவிட்டாலும் அவர் வாயில் இன்னமும் ‘எல்.எல்.என்.’தான்.

அக்டோபர் மழையில் முதலாம் மின்மாற்றியின் புக்ஹோல்ஸ் ரிலே அலாரம் அடித்தது. போய்ப் பார்த்தார்கள். ரிலேக்குள் வாயு எதுவும் சேரவில்லை. ஒயர் இணைக்கும் பெட்டியின் ரப்பர் நைந்து, மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்தது. பொய் அலாரம். ஆனால் அந்த ரிலேக்கும் மின்மாற்றிக்கும் ஒரே வயசு. மாற்றிவிட வேண்டும் என்று அண்ணன் கோரிக்கைத் தாள் அனுப்பினார். அதோடு சேர்த்து வெப்பநிலைக் காட்டிகள், அழுத்த விடுவிப்பான், சிலிக்கா ஜெல் என்று ஒரு பட்டியல். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. போன் செய்தேன்.

“தாள்ல பாத்தா புரியாது தங்கச்சி. ஹெல்மெட் போட்டுக்கிட்டு யார்டுக்கு வா.”

வேலிக்கு உள்ளே, பாதுகாப்பான தூரத்தில் நின்றபடி அவர் கை நீட்டிக் காட்டினார். “உள்ள என்ன நடக்குதுன்னு நம்மளால பாக்க முடியாது. தொறந்து பாக்குற நெலமை வந்துட்டா கத முடிஞ்சிச்சின்னு அர்த்தம். அதனால வெளிய இருந்தே மூச்சு பாக்கணும், சூடு பாக்கணும், வாய்வு பாக்கணும். நாட்டு வைத்தியர் மாதிரிதான்.”

மூச்சு என்று அவர் சொன்னது உருவகம் இல்லை. பகலில் சுமை ஏறும்போது எண்ணெய் சூடாகி விரிந்து, மேலே படுக்கவைத்த உருளைத் தொட்டிக்குள் ஏறுகிறது. சுமை குறைந்து குளிரும்போது இறங்குகிறது. இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகும். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். அந்த ஈரம் எண்ணெய்க்கும் காகிதத்துக்கும் எமன். அதனால் காற்று ஒரு கண்ணாடிக் குடுவையில் இருக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். ஈரம் குடித்தால் நீல மணி இளஞ்சிவப்பாக மாறும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடின் நீலம். புற்றுநோய் ஆபத்துள்ள பொருள் என்று ஐரோப்பாவில் அதை வகைப்படுத்தியதால் இப்போது பலர் ஆரஞ்சு நிற மணிகளுக்கு மாறிவிட்டார்கள். எங்கள் ஸ்டோரிலோ பல வருடங்களாக ‘சிலிக்கா ஜெல், நீலம்’ என்றே பதிவு. கையால் அள்ளிக் கொட்டுகிற ஆளுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு முக்கியம் என்பது கணினியின் சாமான் பட்டியலுக்குத் தெரியாது. அன்று மாலையே அதை மாற்றினேன்.

சூடு பார்க்க இரண்டு வட்டமான காட்டிகள். ஒன்று எண்ணெயின் சூடு. இன்னொன்று சுருளின் சூடு. இரண்டாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்தக் காட்டி சுருளைத் தொடுவதே இல்லை. உயர் அழுத்தம் ஓடும் செம்பின் பக்கத்தில் உலோகக் குமிழைக் கொண்டு வைக்க முடியாதே. அதனால் எண்ணெயின் சூட்டை அளந்து, சுருளில் ஓடும் மின்னோட்டத்துக்கு ஏற்ற ஒரு சின்ன மின்னோட்டத்தை அதற்குள் இருக்கும் சூடேற்றிக்குக் கொடுக்கிறார்கள். உள்ளே சுருள் எவ்வளவு வெந்துகொண்டிருக்கும் என்பதைத் தானும் கொஞ்சம் வெந்து சொல்கிறது அது. கதை எழுதுகிறவர்கள் செய்ய முயல்வதும் கிட்டத்தட்ட இதுதான் என்று அண்ணனிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கொள்முதல்காரியாக நான் குறித்துக்கொண்டது வேறு. அந்தச் சின்ன மின்னோட்டம் ஒரு ஆம்பியரா, ஐந்து ஆம்பியரா? அது தெரியாமல் வாங்கினால் காட்டி பொருந்தும், முள் நகரும், எண் மட்டும் பொய்யாக இருக்கும்.

தொட்டியின் மேல் ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி. உள்ளே திடீரென்று மின்பொறி தாவினால் எண்ணெய் வாயுவாகி அழுத்தம் எகிறும். தொட்டி வெடிப்பதற்கு முன் இந்த மூடி திறந்து அழுத்தத்தை வெளியே விட வேண்டும். கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடையாது, மில்லிவினாடிக் கணக்கு.

கடைசியாக, தொட்டிக்கும் மேலே உள்ள உருளைக்கும் நடுவே குழாயில் உட்கார்ந்திருக்கும் புக்ஹோல்ஸ் ரிலே. அண்ணனுக்கு அது ‘புக்கோலு’. ஜெர்மானியரான மேக்ஸ் புக்ஹோல்ஸ் 1921இல் காப்புரிமை பெற்றது. நூறு வருடங்களாகியும் அடிப்படை மாறவில்லை. ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே இரண்டு மிதவைகள். எங்கோ காகிதம் கருகினால், இணைப்பு ஒன்று சூடானால் மெல்ல மெல்ல வாயுக் குமிழிகள் மேலேறும். அவை பெட்டியின் கூரையில் சேர்ந்து எண்ணெயைக் கீழே தள்ள, மேல் மிதவை இறங்கி அலாரம் அடிக்கும். பெரிய பழுது என்றால் எண்ணெய் குழாயில் பாய்ந்து ஒரு தகட்டைத் தள்ளும். உடனே மின்சாரம் துண்டிக்கப்படும். தொட்டி ஒழுகி எண்ணெய் குறைந்தாலும் கீழ் மிதவை இறங்கித் துண்டிக்கும். சேர்ந்த வாயுவைத் திருகு வழியாக எடுத்துப் பரிசோதிக்கலாம். பெட்டியின் மேல் ஓர் அம்புக்குறி உண்டு. அது மேலுள்ள உருளையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். திருப்பிப் பொருத்தினால் எண்ணெய் பாயும்போது தகடு நகராது.

“இருவது வருசமா அந்த அம்பு அந்தப் பக்கம்தான் பாத்துக்கிட்டு இருக்கு” என்றார் அண்ணன்.

மூன்று கொட்டேஷன் கேட்டேன். ஒரு சப்ளையர் பத்தே நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் விலை அனுப்பினார். ‘புக்ஹோல்ஸ் ரிலே, 1 யூனிட்’ என்று ஒரே வரி. மற்ற இருவரின் விலையில் பாதிகூட இல்லை. அந்த இருவரும் விலை சொல்வதற்கு முன் கேள்வி கேட்டார்கள். குழாயின் உள்விட்டம் 50 மில்லிமீட்டரா 80ஆ? விளிம்பில் எத்தனை துளை, துளைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம்? எண்ணெய் வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் தகடு விழ வேண்டும்? அலாரத்துக்கும் துண்டிப்புக்கும் தனித்தனி ஸ்விட்ச்சா? பழையதில் பாதரச ஸ்விட்ச் இருந்ததா, ரீட் ஸ்விட்ச்சா? தாது எண்ணெயா, எஸ்டரா? பழைய ரிலேயின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

எட்டு வருட அனுபவத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஞானம் இதுதான். சும்மா இருக்கும் சாமானை வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் சப்ளையர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ஒன்றுமே கேட்காமல் விலை சொல்கிறவர் கையில் இருப்பதை விற்கிறார். நம்மிடம் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. மூவருக்கும் அதே கேள்விப் பட்டியலை அனுப்பினேன், தொழிற்சாலைச் சோதனைச் சான்றிதழும் கேட்டேன். முதலாமவரிடமிருந்து பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து விலையை இன்னும் கொஞ்சம் குறைத்து ஒரு செய்தி மட்டும் வந்தது.

எங்கள் நிறுவன விதிப்படி மிகக் குறைந்த விலையை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தால் காரணம் எழுத வேண்டும். கணினிப் படிவத்தில் அதற்கு ஒரு சின்னக் கட்டம். கட்டுரை எழுதிப் பழகியவளுக்கு அந்தக் கட்டம்தான் உலகத்திலேயே கடினமான வடிவம். எழுதி அனுப்பினேன். மேனேஜர் கூப்பிட்டார்.

“இந்த ரிலே இத்தனை வருசத்துல எத்தனை தடவை நிஜமா வேலை செஞ்சிருக்கு?” மலாயில்தான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஒரு தடவையும் இல்ல பாஸ். பொய் அலாரம் மட்டும்தான்.”

“அப்போ ரெண்டு மடங்கு விலை எதுக்கு?”

நியாயமான கேள்வி. ஒரு பேரிங் ஓடிய மணி நேரங்களைக் கணக்குக் காட்டலாம். நடக்காமல் போனதை எந்தப் பத்தியில் எழுதுவது? அவருக்குப் புரிகிற கணக்கில்தான் பேச முடிந்தது. இரண்டு மின்மாற்றிகளில் ஒன்று போனால் தொழிற்சாலை முழுச் சுமையில் ஓட முடியாது. உலகம் முழுக்க இப்போது மின்மாற்றிக்குத் தட்டுப்பாடு. ஜோகூரில் டேட்டா சென்டர்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. விசாரித்ததில், இதே அளவு புது மின்மாற்றிக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னார்கள். ரிலே மாற்ற ஒரு நாள் போதும். அவர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஆலை நிற்கும்போது பொருத்துவது என்று முடிவானது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மேனேஜர் ஹீத்ரோ விமான நிலையச் செய்தியைப் படித்திருந்தார். 2025 மார்ச் 20 இரவு, மேற்கு லண்டனில் நார்த் ஹைட் துணைமின்நிலையத்தில் ஒரு மின்மாற்றி தீப்பிடித்தது. மறுநாள் பெரும்பகுதி நேரம் ஹீத்ரோவே மூடிக் கிடந்தது. “நமக்கும் அந்த மாதிரி ஆகக் கூடாது. ஆன்லைன் மானிட்டர் வாங்கலாம்” என்றார்.

அந்தக் கருவி நல்ல கருவி. எண்ணெயில் கரைந்த வாயுக்களைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கும். ஹைட்ரஜன் லேசான பழுதிலேயே வரும். எத்திலீன் வந்தால் கடுமையான சூடு. அசெட்டிலீன் வந்தால் உள்ளே மின்வில் தாவுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறினால் காகிதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். இதுவரை நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்ணாடி ஊசிக்குழாயில் எண்ணெய் எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே ஒரு பழுது பிறந்து வளர்ந்து முடித்தே விடலாம்.

ஆனால் விலை அதிகம். ‘இதனால் என்ன மிச்சம்?’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். விற்க வந்தவர்களின் விளக்கப்படத்திலேயே அதற்குப் பதில் இருந்தது. யார்டைச் சுற்றி வந்து எழுதும் ஆள் இனித் தேவையில்லை.

அந்த ஆள் ஒரு தம்பி. 24 வயது, நிபோங் திபால் பையன், ஒப்பந்த வேலை. சார்ஜ்மேன் இல்லாமல் ஓட்டச் சட்டம் விடாது. சார்ஜ்மேனின் உதவியாளருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை இரண்டு மின்மாற்றிகளையும் சுற்றி வந்து, முள் காட்டும் எண்களை நோட்டில் எழுதுவான். படிவம் நிரப்ப வேண்டுமே என்று அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். எண்களுக்கான கட்டங்கள் ஒழுங்காக நிரம்பியிருந்தன. ஓரத்தில் யாரும் கேட்காத குறிப்புகள். வலது ரேடியேட்டருக்குக் கீழே கையகல எண்ணெய்க் கறை. ஜெல் பாதிக்கு மேல் நிறம் மாறிவிட்டது. உருளைத் தொட்டிக்கு அடியில் குருவிக் கூடு. ஒரு நாள் மாலையில் மட்டும் மலாயில் ‘புன்யி லாயின்’ என்று இரண்டே வார்த்தை. சத்தம் வேறு மாதிரி. அதைப் படித்துவிட்டு அண்ணன் போய்ப் பார்த்ததில், டேப் மாற்றியின் மோட்டார் பெட்டிக் கதவின் போல்ட் கழன்று அதிர்ந்துகொண்டிருந்ததாம். வாயு மானிட்டருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது.

அண்ணனிடம் கேட்டேன். “மெஷின் வாங்கு தங்கச்சி, நல்ல மெஷின்தான். ஆனா அது என்ன செய்யும்? கூப்புடும். கூப்புட்டா எழுந்து போறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?”

ஹீத்ரோ அறிக்கையை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். பிரிட்டனின் தேசிய எரிசக்தி அமைப்பு இயக்குநரகம் 2025 ஜூலையில் வெளியிட்டது. தீயின் காரணம் புஷ்ஷிங், அதாவது உயர் அழுத்த மின்கடத்தி தொட்டிக்குள் நுழையும் காப்புக் கழுத்து. பெரும்பாலும் ஈரம் உள்ளே போயிருக்க வேண்டும். அதைவிட முக்கியமான வரி இன்னொன்று. அந்தப் புஷ்ஷிங்கின் எண்ணெய் மாதிரியில் ஈரம் அதிகமிருப்பது 2018 ஜூலையிலேயே தெரிந்திருந்தது. உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. கருவி சொல்லிவிட்டது, எண் தாளில் ஏறிவிட்டது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு யாரும் எழுந்து போகவில்லை. கிட்டத்தட்ட ஏழு வருடங்கள் அது தாளில் இருந்தது.

படிவத்தில் ‘ஆள் மிச்சம்’ என்ற கட்டத்தில் 0 என்று எழுதினேன். கீழே, ‘அலாரம் வந்தால் யார் போவார், எத்தனை நிமிடத்தில்?’ என்று நானாக ஒரு வரி சேர்த்து, அந்தத் தம்பியின் பதவியைக் குறிப்பிட்டேன். 2018ஆம் ஆண்டின் அந்த எண்ணெய் மாதிரியைப் பற்றியும் இரண்டு வரி.

“பூஜ்யம் போட்டா கமிட்டி எப்படி ஒத்துக்கும்?” என்றார் மேனேஜர்.

“நீங்கதானே பாஸ் ஹீத்ரோ மாதிரி ஆகக் கூடாதுன்னு சொன்னீங்க. அங்க மெஷின் இல்லாம போகல.”

கமிட்டி முதல் கூட்டத்தில் ஒத்திவைத்தது. அடுத்ததில் ஒரே ஒரு மின்மாற்றிக்கு மட்டும் மானிட்டர் வாங்க அனுமதித்தது. தம்பியின் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்தார்கள். நிரந்தரம் இல்லை. அடுத்த வருடம் மறுபடியும் இந்தப் படிவம் வரும். அப்போது இந்த நாற்காலியில் நான் இருப்பேனா என்று தெரியாது. அண்ணன் இருக்க மாட்டார், ஓய்வு பெற்றிருப்பார்.

புத்தாண்டு விடுமுறையில் எல்லாவற்றையும் பொருத்தினார்கள். சாமான்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று சரிபார்க்க நானும் போயிருந்தேன். புது ரிலேயின் அம்பு உருளைத் தொட்டியைப் பார்த்து நின்றது. கண்ட்ரோல் அறையில் மானிட்டரைத் தயார் செய்த பொறியாளர் மடிக்கணினியிலிருந்து தலை தூக்கி, “அலாரம் யாருக்குப் போகணும்? நாலு நம்பர் கொடுங்க” என்றார். மேனேஜர் தன் எண்ணைச் சொன்னார். கொஞ்சம் யோசித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம் என்றார். அண்ணன் தன்னுடையதைச் சொன்னார். பிறகு தம்பியின் பக்கம் கை காட்டி, “இவனுதை மொதல்ல போடுங்க” என்றார்.

பொறியாளர் ஒரு சோதனைச் செய்தியை அனுப்பினார். தம்பியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தான்.

“டேய், டெஸ்ட்டுதான்டா.”

“தெரியும்ணே. இருந்தாலும் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்.”